சிந்தனைப் புதிர் விளையாட்டுகளில் பின்னணி இசை: தேவையும் அறமும்

முன்னுரை

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் விளையாட்டுகளுள் ஒரு வகை, ஆடுவோரின் கைவேகத்தை நாடாமல் அவர்தம் சிந்தனையை நாடுவது. அதில் பகைவர் இல்லை. விரட்டும் கடிகாரம் இல்லை. தோல்விக்குத் தண்டனையும் இல்லை. ஒரு புதிர் முன்வைக்கப்படுகிறது. ஆடுபவர் அதனை நோக்கி நிற்கிறார், சுற்றி நடக்கிறார், மீண்டும் வந்து நோக்குகிறார். விடை கிடைக்கும்வரை திரையில் பெரும்பாலும் எதுவும் நிகழ்வதில்லை. நிகழ்வன யாவும் ஆடுபவரின் மனத்துள் நிகழ்கின்றன. இத்தகைய விளையாட்டுகளைச் 'சிந்தனைப் புதிர் விளையாட்டுகள்' என இக்கட்டுரை குறிக்கிறது. விடுகதையைப் 'பிசி' என்னும் பெயரால் இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணியது தொல்காப்பியம். புதிர் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, அறிவை நோக்கிய ஓர் அழைப்பு என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று.

இவ்வகை விளையாட்டுக்குப் பின்னணி இசை தேவையா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குச் சுவை பற்றிய வினாவாகவே தோன்றும். இசை பிடித்தவர் கேட்கலாம், பிடிக்காதவர் நிறுத்திவிடலாம் என்று அதனை எளிதில் முடித்துவிடவும் கூடும். ஆயின் அதன் அடியில் வேறொரு வினா உள்ளது. ஒருவர் சிந்தித்துக்கொண்டிருக்கும்போது, அவர் கேளாமலேயே அவருடைய உணர்வை வழிநடத்தும் உரிமை மற்றொருவர்க்கு உண்டா என்பதே அது. இவ்வகையில் இது அறம் சார்ந்த வினாவாகிறது. சில விளையாட்டுகளைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி என்னும் கருத்து

இசை கேட்கப்படுவதற்கென்றே உருவானது. கேட்கப்படாமல் இருப்பதற்காகவே ஓர் இசை என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1917இல் 'அறைகலன் இசை' என்னும் கருத்தை முன்வைத்தார். நாற்காலியும் மேசையும் அறையில் இருப்பதுபோல இசையும் இருக்கலாம் என்பது அதன் பொருள். 1934இல் தோன்றிய மியூசாக் நிறுவனம் இக்கருத்தை வணிகமாக்கியது. தொழிலாளரின் ஊக்கம் குன்றாதிருக்க, 15 நிமிடப் பகுதிகளாக, மெல்ல மெல்ல விறுவிறுப்பைக் கூட்டும் முறையில் அந்நிறுவனம் இசையை வகுத்தளித்தது. இவ்விசையைக் கேட்டவர் அதனைத் தேர்ந்தவர் அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1978இல் பிரையன் ஈனோ வெளியிட்ட 'விமான நிலையங்களுக்கான இசை' இதற்கு மாறான ஒரு வழியைக் காட்டியது. பின்னணி இசை புறக்கணிக்கவும் இடம்தர வேண்டும், உற்றுக் கேட்பார்க்கும் சுவை தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

திரைப்படத் துறையிலும் இவ்வினா எழுந்தது. ஹான்ஸ் ஐஸ்லரும் தியோடர் அடோர்னோவும் இணைந்து உருவாக்கிய திரையிசை பற்றிய நூல் 1947இல் வெளிவந்தது. காட்சியில் உள்ளதையே இசையும் திரும்பச் சொல்லும் வழக்கத்தை அந்நூல் கடுமையாகச் சாடியது. கிளாடியா கோர்ப்மன் 1987இல் எழுதிய நூலின் தலைப்பே 'கேட்கப்படாத மெட்டுகள்' என்னும் பொருளுடையது. திரையிசை பார்வையாளரின் கவனத்துக்கு எட்டாமலேயே அவர்தம் உணர்வை நெறிப்படுத்துகிறது என்பது அவருடைய ஆய்வின் மையக் கருத்து. பின்னணி இசையின் ஆற்றலும் அதன் ஐயத்திற்குரிய தன்மையும் ஒன்றே என்பது இவற்றால் விளங்கும். அது அறிவின் வாயிலைத் தட்டாமல் உள்ளே நுழைகிறது.

திரைக்காலமும் புதிர்க்காலமும்

திரைப்படத்திற்குப் பொருந்துவது புதிர் விளையாட்டுக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் இயலாது. இரண்டின் காலமும் வேறு. திரைப்படத்தில் காலம் படைப்பாளியின் கையில் உள்ளது. கதவுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதை இசையமைப்பாளர் முன்னரே அறிவார். எனவே இசை உயர்வதற்கும் தாழ்வதற்கும் காரணம் உண்டு. புதிர் விளையாட்டிலோ காலம் ஆடுபவரின் கையில் உள்ளது. ஒருவர் ஒரு நிமிடத்தில் விடுவிக்கும் புதிரின் முன் மற்றொருவர் ஒரு மணிநேரம் நிற்கக்கூடும். மூன்று நிமிட இசைத்துண்டு ஒன்று அந்த ஒரு மணிநேரத்தில் இருபது முறை திரும்ப ஒலிக்கும். முதன்முறை இனித்த மெட்டு, இருபதாம் முறை 'நீ இன்னும் இங்கேயே நிற்கிறாய்' என்று சுட்டிக்காட்டுவதாகிவிடுகிறது.

இதனினும் முதன்மையானது மற்றொன்று உண்டு. ஆடுபவரின் மனம் எங்கே நிற்கிறது என்பதை இசை அறியாது. அவர் விடையை நெருங்கிவிட்டாரா, தவறான வழியில் வெகுதொலைவு சென்றுவிட்டாரா, சோர்ந்து வேறெதையோ எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்பன அதற்குத் தெரியா. அறியாத ஒன்று அறிந்ததுபோல உச்சத்தை எட்டும்போது அது பொய்ச்சான்று ஆகிறது. புதிரில் இதன் கேடு மிகுதி. புதிரின் முன் நிற்பவர், மாறுவன எல்லாவற்றையும் குறிப்பாகவே கொள்வார். விளக்கின் ஒளி மாறினால் ஏன் என்று கேட்பவர், இசை மாறினாலும் ஏன் என்று கேட்பார். காரணமின்றி மாறும் இசை அவரைத் தவறான வழியில் செலுத்தும். விடுகதை போடுபவர் விடைக்குத் தொடர்பற்ற சொல்லை இடையில் செருகுவது எவ்வாறு முறையன்றோ, அவ்வாறே இதுவும் முறையன்று.

உளவியல் காட்டும் எல்லை

இசை சிந்தனைக்குத் துணைசெய்யும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. மொசார்ட்டின் இசையைக் கேட்ட மாணவர்கள் இடஞ்சார் அறிவுத் தேர்வில் சிறிது கூடுதலாக மதிப்பெண் பெற்றனர் என்னும் ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவ்விளைவு சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை என்பதையும் அவ்வாய்வே குறித்தது. இசையால் ஏற்படும் ஊக்கமும் மனநிலையுமே அவ்விளைவுக்குக் காரணம் என்று 2001இல் வெளிவந்த தாம்ப்சன், ஷெல்லன்பெர்க், ஹுசேன் ஆகியோரின் ஆய்வு விளக்கியது. மேலும், அந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில் மாணவர்கள் இசையைத் தேர்வுக்கு முன்னரே கேட்டனர். தேர்வு எழுதும்போது கேட்கவில்லை. வேலைக்கு முன் கேட்கும் இசையும் வேலையின்போது ஒலிக்கும் இசையும் ஒன்றல்ல.

வேலையின்போது ஒலிக்கும் இசையைப் பற்றிச் சலாமேயும் பேட்லியும் 1980களில் நிகழ்த்திய ஆய்வுகள் கருதத்தக்கவை. பொருட்படுத்த வேண்டாத பேச்சொலிகூட, வரிசையாகப் பார்த்தவற்றை நினைவில் இருத்தும் திறனைக் குலைக்கிறது என்றும், பாடலோடு கூடிய இசை கருவியிசையினும் மிகுதியாகக் குலைக்கிறது என்றும் அவர்கள் கண்டனர். புதிர் விடுவிப்பவர் பல குறிப்புகளை ஒருசேர நினைவில் இருத்தவேண்டியவர். ஆகவே உளவியல் ஆய்வுகள் இசைக்கு முழுத் தடையும் விதிக்கவில்லை. முழு இசைவும் தரவில்லை. வினா மீண்டும் படைப்பாளியின் பொறுப்புக்கே திரும்புகிறது.

இசையில்லாத் தீவு

ஜானதன் புளோ வடிவமைத்து 2016ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 'தி விட்னஸ்' இவ்வாய்வுக்குச் சிறந்த சான்றாகும். ஆளற்ற தீவு ஒன்றில் ஆடுபவர் தனியே நடக்கிறார். ஆங்காங்கே உள்ள பலகைகளில் கோடு வரைந்து புதிர்களை விடுவிக்க வேண்டும். அவற்றின் எண்ணிக்கை ஐந்நூற்றுக்கும் மேற்பட்டது. விதிகளை விளக்கும் எழுத்து இல்லை. வழிகாட்டும் குரல் இல்லை. எளிய புதிர்களை விடுவிப்பதன் வழியே விதிகளை ஆடுபவரே கண்டறிந்துகொள்ள வேண்டும். தீவில் நடக்கும்போது பின்னணி இசையும் இல்லை.

இசை இல்லை என்பதால் ஒலி இல்லை என்று கொள்ளுதல் கூடாது. காலடியோசை நிலத்துக்கேற்ப மாறுகிறது. காற்றும் நீரும் ஒலிக்கின்றன. கோடு வரையத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பலகை மெல்லிய ஒலி எழுப்புகிறது. ஜான் கேஜ் 1952இல் அரங்கேற்றுவித்த '4 நிமிடம் 33 நொடி' என்னும் படைப்பு, இசைக்கருவி வாளாவிருக்கும்போது அரங்கின் பிற ஒலிகளே கேட்பவரை வந்தடைகின்றன என்பதை உணர்த்தியது. இத்தீவின் அமைதியும் அத்தகையது.

இவ்வமைதியின் பயன் காட்டுப் பகுதியில் உள்ள புதிர்களில் புலனாகிறது. அங்கே பறவையொலியின் ஏற்ற இறக்கமே விடைக்குக் குறிப்பு. உயர்ந்த ஒலி எது, தாழ்ந்த ஒலி எது என்று செவியால் பிரித்தறிந்து கோடு வரைய வேண்டும். போகப் போக, கவனத்தைக் குலைக்கும் பிற ஒலிகளும் இடையே கலக்கப்படுகின்றன. தீவு முழுவதும் இசை நிறைந்திருந்தால் அப்பறவையொலியும் அலங்காரங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டுச் செவியைக் கடந்து போயிருக்கும். வேறெந்த ஒலியும் ஆடுபவரை ஏமாற்றாததால்தான் அவர் இவ்வொலியை நம்புகிறார். படைப்பாளி ஆடுபவர்க்கு அளிக்கும் வாக்குறுதி இது எனலாம்.

இவ்விளையாட்டில் இசை முற்றிலும் விலக்கப்படவும் இல்லை. மலைக்கு உள்ளே, விரும்புவோர் மட்டும் எதிர்கொள்ளும் கடினமான தேர்வு ஒன்று உண்டு. அங்கே நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் இசை இரண்டு பகுதிகளாக ஒலிக்கிறது. அது முடிவதற்குள் புதிர்கள் அனைத்தையும் விடுவித்தாக வேண்டும். அங்கு இசையே கடிகாரம். இசையைத் தொடங்கிவைப்பவரும் ஆடுபவரே. எத்தனையோ மணிநேரம் இசையின்றி நடந்தவர்க்கு அது வெறும் பின்னணியாகத் தோன்றாது. புதிரின் உறுப்பாகவே தோன்றும்.

இசை இடம்பெற்ற விளையாட்டுகள்

மறுதரப்புச் சான்றையும் நோக்குதல் வேண்டும். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கி 1993இல் வெளிவந்த 'மிஸ்ட்', இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்று. அதிலும் ஆளற்ற தீவு. அதிலும் விளக்கமற்ற கருவிகள். இசை விளையாட்டுக்கு இடையூறாகும் எனக் கருதி, அதனை இசையின்றியே அமைக்க அவர்கள் முதலில் எண்ணியிருந்தனர். பின்னர்ச் சோதித்துப் பார்த்தபோது, சில இடங்களின் மனநிலைக்கு இசை துணைசெய்வதைக் கண்டு மனம் மாறினர். ராபின் மில்லரே இசையமைத்தார்.

அவ்விசை குறிப்பிட்ட இடங்களுக்கு உரியதாக அமைந்தது என்பதே இங்கு முதன்மையானது. ஓர் அறைக்குள் நுழையும்போது தொடங்கும் இசை அந்த அறையின் இயல்பைச் சொல்கிறது. ஒலியையே குறிப்பாகக் கொண்ட புதிர்களும் அதில் உண்டு. நீர், நெருப்பு, கடிகாரம் முதலியவற்றின் ஒலிகளை உற்றுக் கேட்டு நினைவில் கொண்டால்தான் ஒரு பகுதியைக் கடக்க இயலும்.

புளோவின் முந்தைய படைப்பான 'பிரெய்ட்' 2008இல் வெளிவந்தது. அதில் இசை உண்டு. ஆடுபவர் காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தினால் இசையும் பின்னோக்கி ஒலிக்கும். காலமே அவ்விளையாட்டின் புதிர். ஆகவே காலத்தின் போக்கை இசை செவிக்குத் தெரிவிக்கிறது. ஒரே வடிவமைப்பாளர் ஒரு படைப்பில் இசையை ஏற்று மற்றொன்றில் விலக்கியிருப்பது, இதற்கு எல்லாவற்றுக்கும் பொதுவான விதி இல்லை என்பதைக் காட்டுகிறது.

'டெட்ரிஸ்' இதற்கு எதிர்முனை. அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் சோவியத் கணினி ஒன்றில் உருவாக்கிய முதல் வடிவம் இசையற்றது. 1989இல் நிண்டெண்டோவின் கேம்பாய் கருவியில் வந்த வடிவத்தோடு 'கரபேய்னிக்கி' என்னும் ருசிய நாட்டுப்பாடலின் மெட்டு பிரிக்க இயலாதவாறு இணைந்துவிட்டது. அங்கு இசை பொருந்துகிறது. ஏனெனில் டெட்ரிஸ் விரைவையும் நாடும் விளையாட்டு. கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். சிந்திக்க நிற்பதற்கு இடமில்லை. கைக்குத் தாளம் வேண்டும் இடத்தில் தாளம் தருவது தகும். நிற்கும் மனத்துக்குத் தாளம் தருவது அதனைத் தள்ளிவிடுவதாகும்.

மெய்ப்பாடும் கருப்பொருளும்

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணரத் தொல்காப்பியத்தின் இரு கருத்துகள் துணைசெய்கின்றன. இவ்விளையாட்டுகள் தொல்காப்பியத்தை அறிந்து படைக்கப்பட்டவை அல்ல. எனினும் இடம், ஒலி, உணர்வு ஆகியவற்றின் உறவைப் பற்றிய தெளிந்த சிந்தனை என்ற வகையில் அவற்றை இங்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது கருப்பொருள். அகத்திணையியல் திணைக்குரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. இசை நிலத்துக்குப் பின்னால் நிற்பதாக அங்குக் கருதப்படவில்லை. மரமும் பறவையும் நிலத்தில் இருப்பதுபோலவே இசையும் நிலத்தில் இருக்கிறது. 'மிஸ்ட்' விளையாட்டின் அறையிசை இத்தகையது. 'தி விட்னஸ்' விளையாட்டின் பறவையொலியும் இத்தகையதே. இடத்தின் உறுப்பாக நிற்கும் ஒலி கருப்பொருளாகும். எவ்விடத்துக்கும் உரியதன்றி எல்லா இடத்திலும் ஒலிப்பது பூச்சு ஆகும்.

இரண்டாவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளையும் வகுத்த தொல்காப்பியம், ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நிலைக்களன்களையும் கூறுகிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும். பெருமிதத்தின் களன்களுள் முதலில் வைக்கப்பட்டது கல்வி. உணர்வுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதும், அக்காரணம் உணர்பவர் நிற்கும் நிலையிலேயே இருக்கவேண்டும் என்பதும் இதனால் பெறப்படும். புதிரை விடுவித்த கணத்தில் எழும் மகிழ்ச்சி, தானே கற்றதால் வந்த பெருமிதம். அக்கணத்தில் முரசு முழக்கினால் அப்பெருமிதத்தின் ஒரு பங்கை முரசு எடுத்துக்கொள்கிறது. விடுவிக்காமல் நிற்கும் ஒரு மணிநேரத்தில் எழும் தவிப்பும் அவருக்கே உரியது. இன்னிசையால் அதனை ஆற்றிவிட்டால், பின்வரும் பெருமிதத்தின் வேரும் அறுகிறது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வாதங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

அமைதி எல்லார்க்கும் கிடைப்பதன்று என்பது முதல் வாதம். தெருவோரத்து வீட்டிலும் பலர் கூடி வாழும் ஒற்றை அறையிலும் இருப்பவர்க்குப் படைப்பாளி தரும் அமைதி, வண்டிகளின் இரைச்சலாகவே வந்து சேரும். காதில் இடைவிடாத இரைச்சல் கேட்கும் குறையுடையார் பலர்க்கு அமைதியே துன்பம். இவர்க்கு இசை ஒரு மதில். இவ்வாதம் உண்மையானது. ஆயின் மதில் எழுப்பும் உரிமை அவரவர்க்கு உரியது. இசையில்லா விளையாட்டை ஆடுபவர் தமக்கு விருப்பமான இசையைத் தாமே ஒலிக்கச் செய்துகொள்ளலாம். அவர் மனத்தை அவரே அறிவார்.

வெற்றுத் தீவில் இசை துணையாக நிற்கிறது, தனிமையின் அச்சத்தைப் போக்குகிறது என்பது இரண்டாம் வாதம். துணையாக உடன்வருதல் வேறு. உணர்வை ஆணையிடுதல் வேறு. நல்ல துணை பேசாதிருக்கவும் அறியும். அவ்வாறு இடையிட்டு ஒலித்து, நெடுநேரம் ஓய்ந்து, மீண்டும் மெல்ல எழும் இசைக்கு இக்கட்டுரை மறுப்புக் கூறவில்லை.

மூன்றாம் வாதமே கடுமையானது. ஒலியைக் குறிப்பாகக் கொண்ட புதிர், செவிப்புலன் குறைந்தவர்க்கு மூடிய கதவாகிறது. இசையை விலக்கிச் செவியின் கவனத்தைப் போற்றும் விளையாட்டு, செவி கேளாதவரைப் போற்றவில்லை. 'தி விட்னஸ்' விளையாட்டில் பதினொரு பகுதிகளுள் ஏழினை முடித்தாலே மலையினுள் நுழையலாம். ஆகவே காட்டுப் பகுதியைத் தவிர்த்தும் இறுதியை எட்ட இயலும். இது வழி விடுவதாகும், வரவேற்பதாகாது. பறவையொலியின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணுக்கும் காட்ட ஒரு வழி அமைத்திருந்தால் அவ்வரவேற்பும் கூடியிருக்கும். பின்னணி இசை இல்லாமையால் எவர்க்கும் கதவு மூடப்படுவதில்லை. ஒலியே ஒரே குறிப்பாக இருக்கும்போதுதான் கதவு மூடப்படுகிறது. அமைதியின் அறத்தைப் பேசுவோர் இக்குறையையும் ஏற்றுப் பேசுதல் கடன்.

முடிவுரை

சிந்தனைப் புதிர் விளையாட்டுக்குப் பின்னணி இசை இன்றியமையாததன்று என்பது இவ்வாய்வால் பெறப்படும். அதற்கு இன்றியமையாதது இடத்துக்குரிய ஒலியும், அவ்வொலியின் நேர்மையும் ஆகும். இசை இடத்தின் உறுப்பாகவோ புதிரின் உறுப்பாகவோ அமையும்போது அது தகும். ஆடுபவரின் மனத்தை அறியாமலே அம்மனத்துக்கு உணர்வு வகுக்கும்போது தகாது. இசை சேர்க்கப்படுமாயின், ஒலிக்குறிப்புகள் அழியாதவாறு அதனை மட்டும் தனியே நிறுத்தும் வசதி ஆடுபவர்க்கு இருத்தல் வேண்டும். ஒலிக்குறிப்புகளுக்குக் கட்புலனுக்குரிய மாற்றும் வேண்டும்.

இசையை விலக்குதல் இசையை இகழ்வதாகாது. உற்றுக் கேட்பதற்குரிய ஒன்றைக் கேட்கப்படாத பூச்சாகப் பயன்படுத்துவதே அதற்கு இழைக்கும் தாழ்வு. கடைகளும் மின்தூக்கிகளும் காத்திருப்பு அறைகளும் தொலைபேசி இணைப்புகளும் இசையால் நிரப்பப்பட்டுள்ள இக்காலத்தில், விடை தெரியாத ஒருவர் விடை தெரியாதவராகவே சிறிது நேரம் நிற்பதற்குரிய இடங்கள் குறைந்து வருகின்றன. அந்நிலையை வெறுமை எனக் கருதி உடனே நிரப்ப முற்படுபவர், சிந்திப்பவர் மீது நம்பிக்கை இல்லாதவர். அதனை நிரப்பாமல் விடுபவர், சிந்திப்பவர் தாமே விடையை அடைவார் என்று நம்புபவர். ஒரு விளையாட்டு தன்னை ஆடுபவர்க்குச் செய்யத்தக்க மரியாதை இந்நம்பிக்கையே ஆகும்.